பெஜோவும் பத்மினியும்

போன வாரம் பேரன் கம்ப்யூட்டரில் பழைய அமெரிக்கத் தொடர் ஒன்றைப் பார்த்துக் கொண்டிருந்தான். கொலம்போ என்று ஒரு போலீஸ் துப்பறிவாளர். கசங்கிய மழைக்கோட்டு, விரலிடுக்கில் சுருட்டு. அவர் வந்து இறங்கிய காரைப் பார்த்ததும் காபி டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டேன்.

"ஏலே, இது பெஜோ 403லா!"

"தாத்தா, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான்.

எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? நான் காரைக்காலில் பிறந்து, பிரெஞ்சு வழியில் படித்தவன். 1954-ல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தைக் கொடுத்துவிட்டுப் போனபோது எனக்கு மூன்று வயது. ஆனாலும் அவர்களுடைய பள்ளிக்கூடமும் இலக்கணமும் ஒன்றிரண்டு கார்களும் பல வருடம் அங்கேயே தங்கியிருந்தன. எங்கள் தெருமுனையில் ஒரு டாக்டர் வீட்டில் பெஜோ நிற்கும். அதன் முகப்பில் உள்ள சிங்கத்தைத் தொட்டுப் பார்ப்பதற்காகவே பள்ளிக்கூடத்துக்குச் சுற்று வழியில் போவேன். அந்தப் பிரெஞ்சுப் படிப்பை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டு அரசாங்கத்தில் குமாஸ்தா வேலைக்கு வந்த கதையையும், படிப்பு சமம்தான் என்று சான்றிதழ் வாங்க அலைந்த கதையையும் முன்பே எழுதியிருக்கிறேன். மறுபடியும் வேண்டாம்.

கொலம்போவின் கார் 1959-ம் வருடத்து 403, மேலே துணிக்கூரை போட்டது. அந்த வேடத்தில் நடித்த பீட்டர் பால்க், ஸ்டுடியோவில் நின்ற கார்களில் அதைத் தாமே தேர்ந்தெடுத்தார் என்பார்கள். சாயம் போய், லொடலொட என்று வரும். பளபளப்பான பணக்காரர் வீட்டு வாசலில் அது போய் நிற்கும்போதே பாதிக் கதை முடிந்துவிடும்.

பெஜோ என்றதும் இன்னொன்று ஞாபகம் வந்தது. நம் அம்பாசிடர் பெயரை 2017-ல் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது இதே பெஜோ கம்பெனிதான். 1957-ல் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டை அச்சாக வைத்துத் தொடங்கி, கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் செய்துவந்த கார். 2013-ல் லண்டன் பி.பி.சி.யின் டாப் கியர் நிகழ்ச்சியில், உலக டாக்சிகளில் இதுதான் முதல் என்று சொன்னார்கள். மறு வருடம் மே மாதம் ஆலையை மூடிவிட்டார்கள். உயிரோடு இருக்கும்போது ஒரு சொல் சொல்லாதவர்கள் பதினாறாம் நாள் வந்து புகழ்கிற மாதிரி, அதற்கப்புறம் இன்றுவரை வாட்ஸ்அப்பில் அம்பாசிடர் புராணம் ஓயவில்லை. "அந்தக் காலத்து வண்டிதான் வண்டி, நம் குடும்பக் கார்" என்று தினம் ஒன்று வருகிறது.

இதில்தான் எனக்குச் சண்டை. நம்மில் எத்தனை பேர் வீட்டில் அம்பாசிடர் இருந்தது? என் சம்பளத்தில் சைக்கிளுக்கே அலுவலகத்தில் முன்பணம் போட்டுத்தான் வாங்கினேன். நமக்குக் "குடும்பக் கார்" என்றால் ஜங்ஷன் ஸ்டாண்டிலிருந்து பேசி வந்த வாடகைக் கார். வருடத்துக்கு ஒரு தரம் குற்றாலம், ஒரு தரம் ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோவில். அந்த ஒரு நாள் கார்தான் நம் கார்.

சொரிமுத்து அய்யனார் கோவில் பயணம் ஒன்றைச் சொன்னால் போதும். முன்சீட்டில் டிரைவரோடு மூன்று பேர், பின்னால் ஐந்து பெரியவர்கள், அவர்கள் மடியில் பிள்ளைகள். டிக்கியில் அரிசி மூட்டை, பானை, விறகு. மேலே கேரியரில் ஜமுக்காளமும் பாயும். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வரை ஆற்றங்கரை வயலைப் பார்த்தபடி சுகமாகப் போகும். பாபநாசம் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் ரேடியேட்டர் கொதித்துவிடும். எல்லோரும் இறங்குவோம். யாராவது ஓடைத் தண்ணீரைச் செம்பில் மொண்டு வருவார்கள். வண்டி ஆறும்வரை ஆச்சி புளியோதரையைப் பிரித்துவிடுவாள். பிறகு ஆண்கள் எல்லோரும் பின்னால் நின்று தள்ள வேண்டும்.

எங்கள் தாத்தா காலத்தில் புதுச்சேரியில் பூஸ்பூஸ் என்று ஒரு வண்டி இருந்தது. பிரெஞ்சில் 'பூஸ்' என்றால் தள்ளு. உள்ளே துரை உட்கார்ந்திருக்க, பின்னாலிருந்து ஓர் ஆள் தள்ளிக்கொண்டு ஓடுவான். மலைப்பாதையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அம்பாசிடரைத் தள்ளும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொல்தான் நினைவுக்கு வரும். ஒரே வித்தியாசம், இங்கே வாடகை கொடுத்தவனே தள்ளினான்.

ஆகவே, பழைய வண்டி உறுதியான வண்டி என்ற பேச்சை நான் ஏற்க மாட்டேன். சீட் பெல்ட் கிடையாது. பிரேக்கை ஒரு பர்லாங்குக்கு முன்பே மிதிக்க வேண்டும். அன்றைக்கு நாம் பிழைத்தோம் என்றால், ரோட்டில் வேறு வண்டி இல்லாததால் பிழைத்தோம்.

டெலிவிஷன் கார்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொடைக்கானல் டவர் வந்த பிறகுதான் நம் பக்கம் படம் தெளிவாகத் தெரிந்தது. எங்கள் குடியிருப்பில் முதலில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்த வாகனம் காரே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை மகாபாரதத்தில் கண்ணன் ஓட்டிய தேர்தான். ஒருவருக்கும் இந்தி தெரியாது. ஆனால் நெல்லையப்பர் ஆனித் தேரின் வடம் பிடித்துப் பழகிய ஊருக்குத் தேரைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. "இவ்வளவு சின்னத் தேரா?" என்று பக்கத்து வீட்டு ஆச்சி குறைப்பட்டுக்கொண்டது இன்னும் காதில் இருக்கிறது. அப்புறம் தூர்தர்ஷனில் ஸ்ட்ரீட் ஹாக் என்று கறுப்பு மோட்டார் சைக்கிள். பையன்கள் வாயாலேயே அந்தச் சத்தம் போட்டுக்கொண்டு தெருவில் ஓடுவார்கள். கேபிள் வந்த பிறகு நைட் ரைடர், பேசும் கார். என் மனைவி ஒரு நாள் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பேசுத காரை வச்சு என்ன செய்ய? தள்ளாம ஓடுத கார் ஒண்ணு போதும்."

அவளுக்காகத்தான் 1992-ல் சேமநிதியில் முன்பணம் எடுத்து, இரண்டாம் கையாக ஒரு பிரீமியர் பத்மினி வாங்கினேன். 1978 மாடல், வெளிர் நீலம். இத்தாலிக்காரன் பியட் 1100-க்கு நம் ஊரில் வைத்த பெயர் பத்மினி. ஸ்டியரிங் பக்கத்திலேயே கை கியர். அது தள்ளாமல் ஓடியது என்று சொன்னால் பொய். மழைக்காலத்தில் மட்டும் தள்ள வேண்டியிருந்தது. அவள் போய் ஆறு வருடம் ஆகிறது. வண்டி தகரக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. மாதம் ஒரு தரம் பாளையங்கோட்டை வரை, வருடம் ஒரு தரம் பாபநாசம் வரை. அவ்வளவுதான் அதன் ஓட்டம். நாற்கரச் சாலையில் நானே அதை ஓட்ட மாட்டேன்.

மகன் உடைக்கக் கொடுத்துவிடலாம் என்கிறான். அவன் கணக்கிலும் நியாயம் இருக்கிறது. சொந்தக் காருக்குப் பதிவு 15 வருடம், அப்புறம் ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 வரை 600 ரூபாயாக இருந்த கட்டணம் 5,000 ஆனது. 2023-ல் கட்டினேன். இப்போது 20 வருடம் தாண்டிய காருக்கு 10,000 என்று 2025-ல் உயர்த்திவிட்டார்கள். என் பத்மினிக்கு அடுத்த கெடு 2028. அதே வருடம் அதற்கு 50 வயதும் முடிகிறது. 50 முடிந்தால் பழம்பெரும் வாகனம் என்று தனி எண்ணில் பதிந்துகொள்ளலாம், கட்டணம் 20,000. ஆனால் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும்தான் எடுக்கலாம், சாதாரணமாக ஓட்டக் கூடாது. அப்படிப் பதிந்தால் பாபநாசம் போக முடியாது. பாபநாசம் போகாத காரை வைத்து நான் என்ன செய்ய?

புகை கக்கும் வண்டியை நிறுத்த வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. தாமிரபரணிக் காற்று என் பேரனுக்கும் வேண்டும். ஆனால் வயதை மட்டும் பார்த்துக் கட்டணம் போடுவது குமாஸ்தாவின் சௌகரியம். நானே அந்த வேலையைச் செய்தவன் என்பதால் சொல்கிறேன். ஒரு காலத்தில் எங்கள் அலுவலக அம்பாசிடருக்குக் கண்டம் எழுதும் பைல் என் மேஜைக்கு வந்தது. லாக் புக்கைப் பார்த்து, வருடத்தையும் கிலோமீட்டரையும் கூட்டி, விதிப்படி எழுதினேன். வண்டியைப் போய்ப் பார்க்கவில்லை. டிரைவர் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "சார், கண்டம்னு எழுதிராதிய. இன்னும் பத்து வருசம் ஓடும்" என்றார். விதி விதிதான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஏலத்தில் எடுத்தவர் அதற்கு வெள்ளைச் சாயம் அடித்து, இரண்டே மாதத்தில் கல்யாண வாடகைக்கு விட்டார். என் மைத்துனர் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தது அந்தக் கார்தான். டிரைவர் சொன்னபடியே பத்து வருடத்துக்கு மேல் டவுனில் ஓடியது. எதிரே வரும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

2023 ஏப்ரல் முதல் 15 வருடம் ஆன அரசாங்க வண்டிகளுக்குப் பதிவே புதுப்பிப்பதில்லை என்று ஆக்கிவிட்டார்கள். இப்போது அந்தப் பைலுக்குக் குமாஸ்தாகூட வேண்டாம்.

புதுப்பிக்கும்போது வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்டத்தானே சொல்கிறார்கள்? அப்போது புகையையும் பிரேக்கையும் விளக்கையும் சோதிக்கட்டும். தேறாத வண்டிக்கு எவ்வளவு பணம் கட்டினாலும் சீட்டுத் தரக் கூடாது. தேறிய வண்டிக்கு 20 வருடம் ஆனால் என்ன, 50 ஆனால் என்ன, ஒரே கட்டணம் போதும். கூடவே, வருடத்துக்கு இத்தனை கிலோமீட்டர்தான் ஓட்டுவேன் என்று எழுதிக் கொடுப்பவனுக்கு ஒரு தனிப் பிரிவு வைக்கலாம். மீட்டரைப் பார்த்தால் தெரிந்துவிடும். லாக் புக் எழுத நான் தயார், முப்பது வருடம் எழுதிய கைதானே.

மகனிடம் 2028 வரை பேச்சை எடுக்காதே என்று சொல்லியிருக்கிறேன். அப்போது எனக்கு 77. வண்டியா நானா, யார் முதலில் கண்டம் ஆகிறோம் என்று பார்ப்போம்.

வருகிற ஞாயிறு தார்ப்பாயை எடுத்துப் பாபநாசம் போவதாக எண்ணம். மெக்கானிக் கார்பரேட்டரைக் கழுவிக் கொடுத்திருக்கிறார். காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறோம். முன்சீட்டில் இருவருக்கு இடம் இருக்கிறது. வருகிறவர்கள் வேட்டியை மடித்துக் கட்டத் தயாராக வாருங்கள்.