மருந்துச் சீட்டில் தமிழ் எங்கே?

உளச்சிதைவு நோய்க்கு ஆட்பட்டவரின் மருந்து மாற்றப்படும்போது, அவரைக் கண்ணை இமை காப்பதுபோற் காப்பது பலகால் அவர்தம் வாழ்க்கைத்துணையே. பழைய மருந்தைப் படிப்படியாய்க் குறைப்பதும் புதியதைச் சிறுகச் சிறுகக் கூட்டுவதும் மருத்துவர் வகுக்கும் முறை. அம்முறை பிறழாது நாள்தோறும் எண்ணிக் கொடுப்பது மனைவியின் கை. அன்றேல் கணவனின் கை. அக்கைக்கு வழிகாட்ட வேண்டிய எழுத்தோ ஆங்கிலம்!

குளோசபின் என்னும் மருந்தே இதற்குச் சான்று. பிற மருந்துகளுக்கு அடங்காத உளச்சிதைவையும் தணிக்க வல்லது அது. ஆயினும், நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானோர்க்கு, நோயை எதிர்த்து நிற்கும் குருதி வெள்ளணுக்களைப் பெரிதும் அழித்துவிடும். 1975இல் பின்லாந்து நாட்டில் இவ்வாறு வெள்ளணுக் குன்றி எண்மர் இறந்தனர். 1989இல் அமெரிக்க அரசு இம்மருந்துக்கு இசைவளித்தபோது, கிழமைதோறும் குருதியாய்வு செய்தாக வேண்டுமெனக் கட்டளையிட்டது. இடர் மிகுதியும் முதற் சில திங்களிலேயே நேர்வதால், தொடக்கத்தில் கிழமைக்கொரு முறையும் பின்னர் இடைவெளி விட்டும் குருதியை ஆய்வது மருத்துவ வழக்கு.

ஓர் ஆய்வுக்கும் மற்றோர் ஆய்வுக்கும் இடைப்பட்ட நாள்களில் காவல் யார்? துணைவரே! காய்ச்சல், தொண்டைநோவு, வாய்ப்புண் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், கடையில் காய்ச்சல் வில்லை வாங்கிக் கொடுத்து அமைந்துவிடாமல், அன்றே மருத்துவரை அடைந்து குருதியை ஆய்வித்தல் வேண்டும். அச்சத்தால் மருந்தைத் தாமே நிறுத்திவிடுதலும் தீது. அடங்கிய நோய் சீறி மீளும். இரண்டு நாள் மருந்து விட்டுப்போயின், பழைய அளவிலேயே தொடரலாகாது. மருத்துவரைக் கேட்டு, மிகக் குறைந்த அளவினின்று மீளத் தொடங்குதல் வேண்டும்.

இவற்றுள் தமிழிற் சொல்லவியலாதது எது? ஒன்றுமில்லை! 'வெள்ளணுக் குறைவு' என்றால் பள்ளி காணாத தாய்க்கும் பொருள் விளங்கும். மருத்துவர் வாயாற் சொல்லிவிடுகின்றாரே என்பர் சிலர். நெரிசலிடையே ஒருமுறை கேட்ட சொல், நள்ளிரவில் உடல் கொதிக்கும்போது நினைவில் நிற்குமா? எழுத்தன்றோ நிற்கும்!

1956இலேயே தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் கண்ட நாட்டில், மருந்துப் பெட்டியின் குறிப்புத்தாள் இன்றும் பெரும்பாலும் ஆங்கிலமே பேசுகின்றது. மொழியுரிமை மேடைக்கும் பாட்டுக்கும் மட்டும் உரியதன்று. காய்ச்சலுற்ற கணவனின் நெற்றியிற் கைவைத்துப் பார்க்கும் மனைவிக்கு அஃது உயிர்க்காப்பு.

மருத்துவர் தமிழில் எழுதுக! மருந்தகத்தார் தமிழில் விளக்குக! அரசு அதனைச் சட்டமாக்குக! உயிர்காக்கும் சொல் தாய்மொழியில் வருக!