முடிவு தெரிந்த கதை

"முடிவுதான் முதல் பக்கத்திலேயே தெரிந்து விடுகிறதே! அப்புறம் அந்தப் புஸ்தகத்தில் படிப்பதற்கு என்ன இருக்கிறது?" இலேசான காதல் நாவல்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் கூடவே எழுகிறது. கேட்பவர் அநேகமாக ஓர் ஆண்பிள்ளையாக இருப்பார். அந்த வகை நாவலில் ஒன்றையேனும் அவர் முழுவதும் படித்திருக்க மாட்டார். ஆனாலும் கேள்வி நியாயமான கேள்விதான். அதற்கு நியாயமான பதில் ஒன்று சொல்லிப் பார்ப்போம்.

நமது கிராமங்களில் திருவிழாக் காலத்தில் நடக்கும் 'வள்ளி திருமணம்' நாடகத்தை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) வகுத்துக் கொடுத்த வழியில் தென் ஜில்லாக்களில் இன்றும் அது விடிய விடிய நடக்கிறது. முருகப் பெருமான் வள்ளியை மணந்து கொள்வார் என்பது கூட்டத்தில் தூங்கி வழியும் குழந்தைக்குக்கூடத் தெரியும். தெரிந்தும் ஜனங்கள் எழுந்து போவதில்லை. வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்தைக் கேட்க வேண்டும். வேடனாகவும் விருத்தனாகவும் வந்து நிற்கும் வேலவனுக்கு, தினைப்புனம் காக்கும் பெண் என்ன பதில் சொல்கிறாள் என்று கேட்க வேண்டும். யானை வரும்போது அவள் என்ன செய்கிறாள் என்று பார்க்க வேண்டும். 'என்ன நடக்குமோ' என்ற கவலை நீங்கி விட்டபடியால், 'எப்படி நடக்கிறது' என்பதை ஆற அமர இருந்து அநுபவிக்க முடிகிறது. இலேசான காதல் நாவலின் ரஸமும் இதுவே.

இவ்வகை நாவல் தனிச் சரக்காக உருவான வரலாறு சுவையானது. லண்டனில் 1908-ம் வருஷம் ஜெரால்டு மில்ஸ், சார்லஸ் பூன் என்ற இருவர் கூடி 'மில்ஸ் அண்டு பூன்' என்னும் பிரசுராலயத்தைத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் அவர்கள் பலவகை நூல்களையும் வெளியிட்டார்கள். ஜாக் லண்டனுடைய நூல்கள்கூட இங்கிலாந்தில் அவர்கள் மூலமாக வெளிவந்தன. 1930-ஐ ஒட்டிய வருஷங்களில், எந்தச் சரக்கு அதிகமாய்ப் போகிறது என்பதைக் கவனித்து, காதல் நாவல்களிலேயே முழு முயற்சியையும் செலுத்தலானார்கள். அவற்றைப் பெருவாரியாக வாங்கியவை வாடகை நூல்நிலையங்கள். பூட்ஸ் என்னும் மருந்துக் கடைக்காரர்கள் தங்கள் கடைகளிலேயே நூல்நிலையமும் வைத்திருந்தார்கள். 1966 வரையில் அது நடந்தது. இருமலுக்கு மருந்து வாங்க வந்த அம்மாள், மனச் சோர்வுக்கு ஒரு நாவலையும் கையோடு எடுத்துக்கொண்டு போகலாம்! மில்ஸ் அண்டு பூன் நாவல்களுக்குப் பழுப்பு நிற அட்டை. ஆசிரியர் பெயரைக்கூடச் சொல்லாமல், அந்த நிறத்தைச் சொல்லியே வாசகிகள் அவற்றைக் கேட்டு வாங்கினார்களாம்.

கனடா தேசத்து ஹார்லெக்வின் கம்பெனி 1957 முதல் இந்நாவல்களை மறுபதிப்புச் செய்து வந்து, 1971-ல் மில்ஸ் அண்டு பூனையே வாங்கி விட்டது. 2008-ல் இந்தியாவிலும் அதன் கிளை திறக்கப்பட்டது. அதற்கு வெகு காலம் முன்பே சென்னைப் பட்டணத்து வாடகை நூல்நிலையங்களில் அந்தச் சிறு புஸ்தகங்கள் கைமாறிக் கைமாறி மூலை மடிந்திருந்தன. கல்லூரி நாட்களில் பாடப் புஸ்தகத்துக்குள் மறைத்து வைத்து அவற்றைப் படித்த பெண்மணிகள் பலர் இன்று பாட்டிமார்களாக இருக்கிறார்கள்.

1980-ல் அமெரிக்காவில் ஏற்பட்ட காதல் நாவலாசிரியர் சங்கம் இவ்வகை நாவலுக்கு இரண்டே லட்சணங்களைச் சொல்லிற்று. காதலே கதையின் நடுநாயகமாக விளங்க வேண்டும். முடிவு மனத்துக்கு நிறைவையும் நம்பிக்கையையும் தர வேண்டும். நமது வழக்கப்படி சொன்னால், கடைசிப் பக்கத்தில் 'சுபம்' என்று போட வேண்டும். துப்பறியும் கதையின் முடிவில் குற்றவாளி அகப்பட்டே தீருவான் என்பதும் நாம் முன்கூட்டியே அறிந்ததுதான். அதற்காக அந்தக் கதையை யாரும் இகழ்வதில்லை. காதல் கதைக்கு மட்டும் ஏன் இந்தத் தனிச் சட்டம்?

முதல் பக்கத்துக்கும் 'சுப'த்துக்கும் நடுவே இருப்பது முக்கியமாகப் பேச்சு. ஜேன் ஆஸ்டின் 1813-ல் வெளியிட்ட 'பிரைடு அண்டு பிரெஜுடிஸ்' நாவலை எடுத்துக் கொள்வோம். நடன விருந்தில் டார்ஸி என்னும் சீமான் தன்னைப் பற்றி அலட்சியமாகச் சொல்லும் ஒரு வார்த்தை எலிஸபெத்தின் காதில் விழுகிறது. அவள் அழவில்லை, அதையே சிநேகிதிகளிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அன்று தொடங்கி அவன் பேச்சுக்கெல்லாம் அவளிடமிருந்து சுடச்சுடப் பதில் கிடைக்கிறது. அவள் வீட்டில் ஐந்து பெண்கள். தகப்பனார் காலத்துக்குப் பின் சொத்து வேறோர் உறவினருக்குப் போய் விடும். அப்படியிருந்தும், பெருஞ் செல்வனான டார்ஸி தன்னை மணக்கும்படி கேட்கையில், அவள் முகத்துக்கு நேரே மறுத்து விடுகிறாள். அவன் கேட்ட தோரணையும் அவளுக்குப் பிடிக்கவில்லை. தன் தமக்கைக்கு அவன் செய்த தீங்கையும் மறக்க முடியவில்லை. மறுநாள் டார்ஸி தன் பக்கத்து விவரத்தை ஒரு கடிதத்தில் எழுதிக் கொடுத்து விட்டு, விலகிப் போய் விடுகிறான். அவள் சொன்ன குறைகளை எண்ணிப் பார்த்துத் திருந்துகிறான்.

பிற்காலத்து இலேசான காதல் நாவல்களில் எத்தனையோ இந்தக் கதையின் பேத்திகள். 1996-ல் ஹெலன் பீல்டிங் எழுதிய 'பிரிட்ஜட் ஜோன்ஸின் டைரி'யில் கதாநாயகன் பெயரே டார்ஸிதான். ஒரு பெண் பேசுகிறாள். அவளுடைய பேச்சை ஓர் ஆண்மகன் காது கொடுத்துக் கேட்கிறான். கேட்டதனால் அவன் மாறுகிறான். கதையில் வரும் மாளிகையையும் வண்டியையும்விட இதுவே வாசகிகளை இழுக்கிறது என்பது நமது அபிப்பிராயம்.

"இலேசான நாவல்தானே, அதில் ஆழம் ஏது?" என்று இன்னொரு கட்சியார் கேட்கலாம். எமிலி ஹென்றி என்ற அமெரிக்க எழுத்தாளர் 2020-ல் வெளியிட்ட 'பீச் ரீட்' நாவலில் இதற்கு வேடிக்கையான பதில் இருக்கிறது. அதன் கதாநாயகி ஒரு காதல் நாவலாசிரியை. தகப்பனார் இறந்த பிறகு, அவருக்கு வேறொரு பெண்ணுடன் தொடர்பு இருந்தது என்று தெரிய வருகிறது. பெற்றோரின் இல்லறத்தைப் பார்த்தே காதலை நம்பிய அவளுக்கு, இப்போது சுபமான கதை எழுத வரவில்லை. அடுத்த வீட்டிலோ கனமான சோக நாவல்கள் எழுதும் ஓர் ஆசிரியர். அவருடைய மாதிரியில் அவளும், அவளுடைய மாதிரியில் அவரும் ஒரு நாவல் எழுதுவதென்று பந்தயம் கட்டுகிறார்கள். சம்பாஷணை முழுவதும் ஒரே சிரிப்பு. அடியில் ஓடுவது துக்கம். தலையில் குடமும் இடுப்பில் குழந்தையுமாக வரும் பெண், பக்கத்தில் வருகிறவளோடு சிரித்துப் பேசிக் கொண்டு வருவதில்லையா? அந்த மாதிரி இலேசுதான் இது.

1984-ல் ஜானிஸ் ராட்வே என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் இந்நாவல்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இவற்றைப் படிப்பவர்களையே நேரில் கேட்டு விடுவது என்று தீர்மானித்து, ஓர் ஊரின் புஸ்தகக் கடைக்கு வாடிக்கையாக வரும் பெண்களிடம் விசாரித்தார். பெரும்பாலோர் மணமாகிக் குழந்தை குட்டிகளுடன் இருந்தவர்கள். கதையைப் பற்றிக் கேட்ட இடத்தில், அவர்கள் தாங்கள் படிக்கும் நேரத்தைப் பற்றியும் சொன்னார்கள். புஸ்தகம் கையில் இருக்கும் வரையில் அந்த நேரம் அவர்களுக்கே சொந்தம். வீட்டில் எல்லோரையும் கவனித்துக் கொள்பவள் குடும்பத் தலைவி. அவளைக் கவனித்துக் கொள்பவர் யார்? நாவலின் நாயகன் கடைசியில் கதாநாயகியின் மனத்தை அறிந்து பரிவோடு பேணுகிறான். அந்தப் பரிவில் ஒரு பங்கு படிப்பவளுக்கும் கிடைக்கிறது.

ஒரு மணி நேர ஆறுதல் கிடைத்து விடுவதனால், வீட்டில் உள்ள குறையைக் கேட்காமலே அப்பெண்கள் இருந்து விடுகிறார்களோ என்றும் ராட்வே ஐயுற்றார். அந்த ஐயத்தைத் தள்ளி விடுவதற்கில்லை. ஆனால் புஸ்தகத்தைப் பிடுங்குவதனால் அந்தக் குறை தீர்ந்து விடுமா? வீட்டில் உள்ள மற்றவர்கள் சமையற்கட்டில் ஒரு கை கொடுத்தால் ஓரளவாவது தீரும்.

தமிழ் வீடுகளில் ரமணிசந்திரனின் நாவல்கள் இடம் பிடித்த கதையும் இதை ஒத்ததே. அவர் எழுதியவை நூற்றைம்பதுக்கும் மேல். விமரிசகர்கள் அவற்றை அதிகமாகப் பொருட்படுத்தவில்லை. பெண்கள் படிப்பதையும் நிறுத்தவில்லை. அவற்றில் தொடங்கிப் பெரிய நூல்களுக்குப் போனவர்களை நாம் அறிவோம். அவற்றோடு நின்று விட்டவர்களையும் அறிவோம். இரு சாராரும் தமிழ் படித்தார்கள். ஆசிரியத் தொழிலில் இத்தனை வருஷம் கண்ட ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். காதல் நாவலைக் கையிலிருந்து பிடுங்கிக் கிழித்து எறிந்த வீடுகளில், அந்தப் பெண் மறுநாள் சிலப்பதிகாரத்தை எடுத்துப் படித்ததாக நமக்குத் தெரியவில்லை. அவள் பரீட்சைப் புஸ்தகத்தைத் தவிர வேறொன்றையும் தொடாமல் இருந்து விட்டாள்.

இவ்வகை நாவல்களிலும் களை உண்டு. 1972-ல் அமெரிக்காவில் வெளிவந்து ஏராளமாக விற்பனையான காத்லீன் உட்விஸ் நாவலில், நாயகன் கதாநாயகியைப் பலவந்தம் செய்கிறான்; பிறகு அவனே அன்புக்குரிய கணவனாகிறான். அக்காலத்தில் அது போல் இன்னும் பல வந்தன. ஆனால் ராட்வே விசாரித்த பெண்கள் காதல் நாவலில் வரவே கூடாதவை என்று சொன்னவற்றுள், சோக முடிவோடு பலாத்காரமும் இருந்தது. ஆகவே, இந்நூல்களைப் படிப்பவர்களுக்கு விவேகமில்லை என்று எண்ணுவது தவறு. இக்காலத்து நாவல்கள் பலவற்றில் நாயகன் கதாநாயகியின் சம்மதத்தைக் கேட்கிறான். அவள் 'வேண்டாம்' என்றால் நிறுத்திக் கொள்கிறான்.

இங்கேதான் நமது ஆண்பிள்ளைகளைப் பற்றிக் கவலை உண்டாகிறது. அவர்கள் காதலைக் கற்றுக் கொள்வது நாவலிலிருந்து அன்று, பெரும்பாலும் சினிமாவிலிருந்து. கதாநாயகி 'பிடிக்கவில்லை' என்று சொல்லச் சொல்ல, கதாநாயகன் தெருத் தெருவாய்த் தொடர்ந்து போய்ப் பாட்டுப் பாடி, கடைசியில் ஜயித்து விடுகிற படங்களை நம்மவர்கள் எத்தனை பார்த்து விட்டார்கள்! பதினாறு வயதுப் பையன் அதை மெய்யென்று எடுத்துக் கொண்டால், அடுத்த தெருப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் போகும் வழி அடைந்து போகும். மறுத்ததும் கடிதத்தைக் கொடுத்து விட்டு விலகி நின்ற டார்ஸியை அவனுக்கு அறிமுகப்படுத்தி வைப்பவர் யார்? "அது பொம்மனாட்டிகள் படிக்கிற புஸ்தகம்" என்று சொல்லி, அந்தக் கதவை நாமே அல்லவா சாத்தி விடுகிறோம்? ஒரு பெண்ணின் மனத்தில் என்ன ஓடுகிறது என்பதை முந்நூறு பக்கம் கூட இருந்து கேட்பது, பெண்களைவிட ஆண்பிள்ளைகளுக்கே அதிகம் அவசியமான படிப்பு.

ஆகையால் வாசகர்களுக்கு ஒரு சிறு விண்ணப்பம். இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்கள் வீட்டில் மனைவியோ, தங்கையோ, மகளோ இப்படி ஒரு நாவலும் கையுமாக உட்கார்ந்திருந்தால், "இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்க வேண்டாம். ஒரு டம்ளர் காப்பியைக் கலந்து பக்கத்தில் வைத்து விட்டு, "முடித்ததும் எனக்குக் கொடு" என்று சொல்லுங்கள். வாங்கிப் படித்து விட்டு, வீட்டிலுள்ள பையனிடமும் கொடுங்கள்.