உரத்த ஒலியா, தெளிந்த சொல்லா?

இல்லமும் வாழ்வும்



வால்பாறைத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் இம்மாதம் நம்முன் இருக்கிறது. அவருடைய மாமனார் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். மாலையில் செய்தியும், ஞாயிறன்று தொலைக்காட்சித் திருப்பலியும் அவருக்கு வேண்டும். ஆனால் ஒரு சொல்லும் விளங்கவில்லை என்று ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறார். பேத்தி பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்குப் படிக்கிறாள். ஒற்றைச் சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம். தீபாவளி போனஸில் முன்பணம் கட்டி, மீதியைத் தவணையில் செலுத்தி, பெரிய ஊபர் பெட்டியுடன் கூடிய சவுண்ட்பார் ஒன்றை வாங்கலாம் என்று கணவர் கூறுகிறாராம். "வாங்கினால் வீட்டில் அமைதி வருமா, இருக்கிற அமைதியும் போகுமா?" என்று சகோதரி கேட்கிறார்.

மலைத் தோட்டங்களில் மட்டுமன்றிச் சமவெளியிலும் பல இல்லங்களில் எழும் கேள்வி இது. ஆதலின் சற்று விரிவாகவே பார்ப்போம்.

முதலில், பழைய பெட்டியில் கேட்ட சொல் புதிய பெட்டியில் ஏன் கேட்பதில்லை? சென்னையில் உருவான டயனோரா, சாலிடேர் போன்ற அக்காலத் தொலைக்காட்சிப் பெட்டிகள் ஆழமும் அகலமும் உடையவை. ஒலிபெருக்கி பெரும்பாலும் பார்ப்பவரை நோக்கியே பொருத்தப்பட்டிருந்தது. பெட்டியின் உட்புற வெற்றிடம் ஒலிக்குச் செறிவு தந்தது. இன்றைய தட்டைத் திரையோ சுவரோடு ஒட்டி நிற்கும் மெல்லிய பலகை. அதற்குள் அடங்கும் ஒலிபெருக்கிகள் சிறியவை. பெரும்பாலானவை கீழ்நோக்கியோ பின்னோக்கியோ ஒலிப்பவை. ஒலி மேசையிலும் சுவரிலும் பட்டுச் சிதறிய பிறகே நம் செவியை அடைகிறது. படம் தெளிந்தது, சொல் மங்கியது. இக்குறையை ஈடுசெய்யவே, திரைக்குக் கீழே முன்னோக்கி வைக்கப்படும் நீண்ட ஒலிப்பெட்டியாகச் சவுண்ட்பார் தோன்றியது.

அடுத்து, முதியவரின் செவி. "சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை" என்று அவர் சொல்வது பிடிவாதமன்று, முற்றிலும் உண்மை. பேச்சில் உயிரொலிகள் வலிமை மிக்கவை. அவை தாழ்ந்த அதிர்வெண்களில் அமைந்தவை. ஒரு சொல்லை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யொலிகளோ மென்மையானவை. அவற்றை அடையாளம் காட்டும் குறிப்புகள் பெரிதும் நொடிக்கு 2,000 முதல் 4,000 அதிர்வுகள் வரையுள்ள பகுதியில் இருக்கின்றன. முதுமையில் முதலில் தளர்வது உயர்ந்த அதிர்வெண்களைக் கேட்கும் ஆற்றலே. இரைச்சல் மிக்க இயந்திரங்களின் நடுவே பல்லாண்டு உழைத்தவருக்கோ 4,000 அதிர்வுகளை ஒட்டிய பகுதியே முதலில் பழுதுபடும். கொழுந்தைச் சுருட்டியும் நறுக்கியும் ஓயாது ஓடும் இயந்திரங்களிடையே நின்றவருக்கு இரண்டு காரணங்களும் சேர்ந்திருக்கக்கூடும். அத்தகையோருக்குப் 'பட்டு', 'கட்டு', 'தட்டு' மூன்றும் ஒன்றுபோல் ஒலிக்கும். ஒலியை எவ்வளவு கூட்டினாலும், முன்பே கேட்டுக்கொண்டிருந்த உயிரொலிகளே மேலும் முழங்கும். போதாக்குறைக்கு, தென்மேற்குப் பருவமழை தகரக் கூரையில் அறையும் மாதங்களில், எஞ்சிய மெய்யொலிகளையும் மழை மூடிவிடும்.

ஆகவே, கடைக்குப் போகுமுன் செய்ய வேண்டியவை சில உண்டு. செலவு சிறிதும் இல்லாதவை.

தொலைக்காட்சியின் அமைப்புப் பகுதியில் ஒலி வகைகளைப் பாருங்கள். பேச்சைத் தெளிவாக்கும் வகை ஒன்று பல பெட்டிகளில் இருக்கும். அதைத் தேர்ந்து கேளுங்கள். தாழ்ந்த ஒலிகளைச் சற்றுக் குறையுங்கள். பெரியவரின் நாற்காலியைத் திரைக்கு அருகே நகர்த்துங்கள். திறந்த வெளியில் தூரம் பாதியானால் செவியை அடையும் ஒலியின் செறிவு நான்கு மடங்காகும். அறைக்குள் எதிரொலி கலப்பதால் அவ்வளவு இராது. ஆயினும் நேரே வரும் சொல் ஓங்கி, எதிரொலி பின்னடையும். வெறுஞ்சுவரும் சிமெண்டுத் தரையும் உள்ள அறையில் ஒரு கனத்த திரைச்சீலையும் பாயும் விரித்தாலே ஒலி கலங்குவது குறையும்.

இவற்றால் பயன் இல்லையெனில், அடுத்து நாட வேண்டியவர் விற்பனையாளர் அல்லர், மருத்துவர். காதில் இறுகிய அழுக்கை அகற்றியதும் செவி திறந்தவர்கள் உண்டு. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் காது மூக்குத் தொண்டைப் பிரிவை அணுகிச் செவித்திறனைச் சோதிக்கச் செய்யலாம். காதொலிக் கருவி தேவையென்றால், தகுதியுடையோர்க்கு அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழியே அது கிடைக்கும். மருமகளின் குரலும் பேரப்பிள்ளையின் அழைப்பும் கேளாத செவிக்குச் சவுண்ட்பார் பரிகாரம் ஆகாது. அது தொலைக்காட்சியின் குறையைத் தீர்க்குமேயன்றிச் செவியின் குறையைத் தீர்க்காது.

செவியைச் சோதித்த பின்னும் கருவி வேண்டுமென்று தோன்றினால், எதைப் பார்த்து வாங்குவது?

இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாயில் தொடங்கி இலட்சத்தைத் தாண்டும் விலைவரை சவுண்ட்பார்கள் கிடைக்கின்றன. அட்டைப் பெட்டியின்மேல் 2.0, 2.1, 3.1, 5.1 என்று எண்கள் இருக்கும். புள்ளிக்கு முந்திய எண் ஒலித்தடங்களையும், பிந்திய எண் ஊபர் எனப்படும் தாழ்வொலிப் பெட்டியையும் குறிக்கும். 3.1 என்றால் இடம், வலம், நடு என மூன்று தடங்களும் ஓர் ஊபரும். பல்தட ஒலியுடன் வரும் திரைப்படங்களில் உரையாடல் பெரும்பாலும் நடுத்தடத்திலேயே பதிவாகியிருக்கும். ஆகவே நடுவில் தனி ஒலிபெருக்கி உடைய கருவியில் சொல் தெளிவாக இருக்க வாய்ப்பு மிகுதி. விலை இடங்கொடுக்கவில்லையெனில், பேச்சைத் தனியே உயர்த்தும் வசதியுள்ள 2.0 கருவியே ஒரு சிறு வீட்டுக்குப் போதும்.

ஊபரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தாழ்ந்த அதிர்வுகள் சுவரையும் தரையையும் எளிதில் ஊடுருவும். பாட்டின் சொற்கள் அடுத்த வீட்டை எட்டா. அதன் 'தும் தும்' மட்டும் எட்டும். ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் லைன் வீடுகளில், விடியற்காலையில் கொழுந்து பறிக்கச் செல்ல வேண்டிய அயலாரின் உறக்கம் இதனாலேயே கெடும். பேச்சைக் கேட்பதற்கு ஊபர் தேவையே இல்லை. வாங்கத்தான் வேண்டுமெனில், அதன் ஒலியைத் தனியாகக் குறைக்க வழியுள்ளதா என்று பாருங்கள். வாங்கியபின் பொதுச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள்.

டால்பி அட்மாஸ் என்ற பெயரில் கூடுதல் விலை கேட்கப்படும். மேலிருந்து மழை பொழிவதுபோலும், விமானம் பறப்பதுபோலும் கேட்கச் செய்யும் நுட்பம் அது. ஆனால் இவ்வகைக் கருவிகள் பலவற்றில் ஒலியை மேல்நோக்கி எறிந்து கூரையில் பட்டுத் திரும்பச் செய்கிறார்கள். அதற்குத் தட்டையான, கெட்டியான, அதிக உயரமற்ற கூரை வேண்டும். சரிந்த தகரக் கூரையோ ஓட்டுக் கூரையோ உள்ள வீட்டில் அந்த ஒலி எங்கோ சிதறிப் போகும். கொடுத்த பணமும் அதனோடு போகும்.

அப்பெயருக்குரியவரைப் பற்றி ஒரு செய்தி. அமெரிக்கரான ரே டால்பி 1963 முதல் 1965 வரை ஐக்கிய நாடுகளின் ஆலோசகராக நம் இந்தியாவில் பணியாற்றியவர். பின்னர் 1965-இல் இலண்டனில் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். அவருக்குப் புகழ் தேடித் தந்த முதற்கருவி ஒலியைப் பெருக்குவதற்காக அமைந்ததன்று. ஒலிநாடாவில் ஓயாது எழும் இரைச்சலைக் குறைப்பதற்காக அமைந்தது.

வாட்ஸ் கணக்கிலும் மயங்க வேண்டா. பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் அச்சிடப்படும் எண் வெறும் பகட்டு. ஆர்.எம்.எஸ். என்று குறிக்கப்படுவதே தொடர்ந்து தரக்கூடிய ஆற்றல். அதையும் இரட்டிப்பாக்கினால் ஒலி மூன்று டெசிபல்தான் கூடும். செவிக்கு அது சிறிய வேறுபாடே. இருமடங்கு உரப்பாகக் கேட்க ஏறத்தாழப் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். பத்தடிக்குப் பத்தடி அறைக்கு எண்ணூறு வாட்ஸ் எதற்கு?

இணைப்பு முறை முக்கியமானது. தொலைக்காட்சியின் பின்புறத்தில் ஹெச்.டி.எம்.ஐ. துளை ஒன்றின் அருகே ஏ.ஆர்.சி. என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். 2009-இல் வந்த ஏற்பாடு இது. இவ்வகையில் இணைத்தால், பொதுவாகத் தொலைக்காட்சியின் ரிமோட் ஒன்றே சவுண்ட்பாரின் ஒலியையும் ஆளும். முதியவர் இரண்டு ரிமோட்டுகளோடு திண்டாட வேண்டியதில்லை. அது இல்லாத பெட்டியில் ஆப்டிகல் கம்பியைப் பயன்படுத்தலாம். ப்ளூடூத் இணைப்பில் ஒலி சில வேளை சற்றுப் பிந்தி வரும். செவி மங்கியவர்கள் தம்மையறியாமலே பேசுவோரின் உதட்டசைவையும் பார்த்துப் பொருள் கொள்கிறார்கள். உதடும் ஒலியும் பொருந்தாவிட்டால் அந்தத் துணையும் அவர்களுக்கு இல்லாமற் போகும்.

'நைட் மோட்' எனப்படும் இரவு வசதி உள்ளதா என்றும் கேளுங்கள். அது வெடிச் சத்தத்தைத் தாழ்த்தி, மெல்லிய பேச்சை உயர்த்தும். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை உள்ள வீட்டில் அதன் அருமை தெரியும்.

இனி மலைவாழ் மக்களுக்கென்றே சில குறிப்புகள். ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தே வால்பாறைக்குப் பொருள் வர வேண்டும். பழுதானால் அதே வழியில் இறங்கவும் வேண்டும். எனவே, உத்தரவாதக் காலத்தில் பழுது பார்ப்போர் வீட்டுக்கு வருவார்களா, பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ நாம் சுமந்து செல்ல வேண்டுமா என்பதை விலை பேசுமுன் கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். மழைக்காலத்து ஈரம் மின்கருவிகளுக்குப் பகை; ஈரச் சுவரில் ஒட்டி வைக்காதீர்கள். இடி மின்னல் நெருங்குமுன் மின்செருகியை மட்டுமன்றி ஆன்டெனாக் கம்பியையும் கழற்றிவிடுங்கள். தவணையில் வாங்குவோர் மாதத் தொகையை மட்டும் பாராமல், கடைசியில் மொத்தம் எவ்வளவு கட்டுகிறோம் என்று கூட்டிப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றினும் மேலான ஒன்று உண்டு. ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள வால்பாறைப் பீடபூமியைச் சுற்றி ஆனைமலைப் புலிகள் காப்பகம் இருக்கிறது. யானைகள் தோட்டங்களின் ஊடாகவே நடமாடுகின்றன. யானைகள் நிற்கும் இடத்தை மக்களுக்கு முன்கூட்டியே அறிவிக்க, இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் 2006-இல் உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியையே துணைக்கொண்டார்கள். திரையின் அடியில் எழுத்தாக அச்செய்தி ஓடியது. 2011-இல் கைப்பேசிக் குறுஞ்செய்தியும் சிவப்பு எச்சரிக்கை விளக்குகளும் சேர்ந்தன. இப்பணிக்காக ஆய்வாளர் ஆனந்தகுமாருக்கு 2015-இல் விட்லி விருது வழங்கப்பட்டது. இவ்வளவு முயற்சியும், யானை அருகிருப்பதை மனிதன் அறியாதிருக்கக் கூடாது என்பதற்காகவே. அப்படியிருக்க, வீட்டுக்குள் முழங்கும் ஒலியால் கைப்பேசியின் அழைப்பும், வாசலில் அயலார் இடும் கூச்சலும், வாழைமரம் முறியும் ஓசையும் கேளாமற் போகலாமா? இருட்டியபின் முற்றத்தில் குழந்தை எழுப்பும் குரல் உள்ளிருக்கும் தாய்க்குக் கேட்க வேண்டும். வால்பாறையில் மாலை நேரத்துச் செவி வெளியேயும் காவல் நிற்கும் செவி.

சட்டமும் ஓர் எல்லை வகுத்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலும், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபலும் அளவு. செவியின் நலங்கருதி உலக நல்வாழ்வு நிறுவனம் வகுத்துள்ள அளவு, வயது வந்தோருக்கு வாரம் நாற்பது மணி நேரத்துக்கு 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75. தாத்தாவுக்காகக் கூட்டிய ஒலியைப் பேரக்குழந்தையின் இளஞ்செவியும் கேட்கிறது என்பதை மறவாதீர்கள்.

ஆகவே, சகோதரி, முதலில் நாற்காலியையும் ஒலி வகையையும் மாற்றிப் பாருங்கள். அடுத்து, பெரியவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதன் பின்னும் தேவை இருந்தால், பேச்சைத் தெளிவாக்கும் வசதியும் இரவு வசதியும் ஏ.ஆர்.சி. இணைப்பும் உள்ள, ஊபர் இல்லாத எளிய கருவி ஒன்றைத் தேடுங்கள். கடைக்கு மாமனாரையே அழைத்துச் செல்லுங்கள். விற்பனையாளர் சண்டைக் காட்சியையும் குத்துப்பாட்டையும் போட்டுக் காட்டுவார். நீங்கள் செய்தி வாசிப்பைப் போடச் சொல்லுங்கள்; ஒலியைக் குறைக்கச் சொல்லுங்கள். வாசித்ததை மாமனார் திருப்பிச் சொன்னால், அந்தக் கருவியை வாங்குங்கள்.