செயற்கைக்காலும் கலியாணப் பேச்சும்

முதல் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக 1916இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் வழிகாட்டி நாய்ப் பள்ளி தொடங்கினார்கள். காயப்பட்டவனுக்கும் நாய் பழக்குபவளுக்கும் காதல் அரும்பும் கதைகள் அந்த மண்ணில் நம்பும்படி இருக்கும். மயிலிட்டியில்? போரால் 1990இல் இடம்பெயர்ந்த யாழ்ப்பாணக் கரையோர ஊர். துறைமுகமே 2017 ஜூலையில்தான் இராணுவத்திடமிருந்து திரும்பக் கிடைத்தது. காயப்பட்ட முன்னாள் போராளிக்கு இங்கே நாயும் இல்லை, படை ஓய்வூதியமும் இல்லை. யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிறுவனம் 1987 முதல் செயற்கைக்கால் பொருத்தி நடக்கவைக்கிறது. கலியாணப் பேச்சில்தான் தடக்குகிறது. காலிழந்த ஆணுக்கு எப்படியோ பெண் பார்த்துவிடுகிற தரகர், காலிழந்த முன்னாள் போராளிப் பெண்ணின் சாதகத்தைக் கையில் வாங்கவே தயங்குகிறார். எனக்கு இது ஆறாத கோபம். விரும்பியவனோடு விடியற்காலையில் துறைமுகத்துக்குப் போய் மீன் வாங்கிவர அவளுக்கும் ஆசை இருக்கிறது.