பிழையும் பொய்யும்

எதிர்த்தரப்பார் ஏட்டில் ஓர் எண் தவறினும் "பொய்யன்" என முழங்கும் வழக்கம் இன்று எல்லாப் பக்கங்களிலும் பெருகிவிட்டது. அம்முழக்கத்தால் பெரும்பயன் அடைகின்றவன் உண்மையான பொய்யனே. பிழைபட்டோர் கூட்டத்தினுள் அவன் எளிதாக ஒளிந்துகொள்கின்றான். இருவரையும் பிரித்தறியும் அளவுகோல் தவற்றின் பருமையன்று. எழுதினவனின் சார்பும் அன்று. எழுதுகையில் அவன் அறிந்திருந்தது யாது என்பதே.

1948 நவம்பரில் நடந்த அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் தாமசு தூயி வென்றார், ஆரி துரூமன் தோற்றார் எனச் சிக்காகோ திரிபியூன் நாளிதழ் தலைப்பிட்டது. வென்றவரோ துரூமன். அச்சுக்கோப்பாளர் வேலைநிறுத்தத்தால் அவ்விதழ் வழக்கத்தினும் முன்னதாக அச்சேற வேண்டியிருந்தது. வாக்குகள் எண்ணி முடியவில்லை. கருத்துக் கணிப்பாளரும் தேர்தலுக்குப் பல நாள் முன்பே கேட்டறிதலை நிறுத்திவிட்டுத் தூயியே வெல்வார் என்றிருந்தனர். அவ்விதழுக்குத் துரூமன்பால் வெறுப்பு இருந்ததும் மெய்யே. விருப்பம் கணிப்பிற்குத் துணைபோயிருக்கலாம். ஆயினும் விடிந்தால் வெளுத்துப்போகும் செய்தியை அறிந்தே அச்சிட எவன் துணிவான்? அவ்விதழை உயர்த்திக் காட்டிச் சிரித்த துரூமனின் நிழற்படமே அதற்குப் போதிய ஒறுப்பாயிற்று.

பொய்யின் இயல்பு வேறு. 1933 மார்ச்சில் காரெத்து சோன்சு என்னும் வேல்சு நாட்டு இளைஞர் உக்கிரைன் ஊர்ப்புறங்களில் நடந்து சென்று, உழவர் குடிசைகளில் தங்கி, அப்பமின்றி மக்கள் மடிவதைக் கேட்டறிந்து, அம்மாத இறுதியில் பெர்லினில் வெளியிட்டார். இரண்டே நாளில், மார்ச்சு 31இல், நியூயார்க்குத் தைம்சு இதழின் மாசுகோச் செய்தியாளர் வால்ட்டர் துராந்தி அதனை மறுத்தெழுதினார். மறுத்த முறை நோக்கத்தக்கது. உணவுத் தட்டுப்பாடு உண்டு என்றார். பட்டினிச் சாவு இல்லை என்றார். ஊட்டக் குறைவால் வரும் நோய்களால் சாவு மிகுந்துள்ளது என்றார்! உண்ண ஒன்றுமின்றிச் செத்தவனை நோயால் செத்தவன் எனப் பெயர் மாற்றிப் புதைக்கும் சொல்திறம் இது. அறியாது எழுதுபவனுக்கு இத்துணை விழிப்புத் தேவைப்படாது.

சான்றும் உண்டு. அவ்வாண்டு செப்டம்பரில், சோவியத்து நாட்டில் உணவின்மையால் நேராகவோ சுற்றுவழியாகவோ 1 கோடிப் பேர் வரை மாண்டிருக்கக்கூடும் எனத் துராந்தி தாமே மாசுகோவிலிருந்த பிரித்தானியத் தூதரகத்தாரிடம் கூறினார். தூதரகம் அதனை இலண்டனுக்கு எழுதியனுப்பியது. உக்கிரைனில் மட்டும் 35 இலக்கத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது இன்றைய ஆய்வாளர் பலரின் கணிப்பு. நாடு முழுமைக்கும் துராந்தி சொன்ன எண் மிகையாயிருக்கலாம், அது பிழை. தாம் நம்பியதைத் தூதரகத்தில் சொல்லிவிட்டு இதழில் மறைத்தாரே, அது பொய்.

சோன்சு 1935இல், தம் 30ஆம் பிறந்தநாளுக்கு முன்னாள், சீனத்தின் வடபகுதியில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். துராந்தி 1957 வரை வாழ்ந்தார். அவர் எழுத்து தன் ஏட்டில் வந்தவற்றுள் மிகக் கீழானவற்றைச் சேர்ந்தது என்று நியூயார்க்குத் தைம்சு ஒப்புக்கொள்ள 1990 ஆயிற்று. 1932இல் அவர் பெற்ற புலிட்சர் பரிசைத் திரும்பப் பெறவேண்டும் என்னும் வேண்டுகை 2003இல் ஆராயப்பட்டது. பரிசு 1931ஆம் ஆண்டுக் கட்டுரைகளுக்கு உரியது. அவற்றில் வேண்டுமென்றே ஏமாற்றியமைக்குத் தெளிவான சான்றில்லை எனப் பரிசுக் குழு மறுத்துவிட்டது. நுணுகிப் பார்த்தால் அது முறையாகவே இருக்கலாம். பட்டினி மூண்டபின் 1933இல் எழுதியவை அத்தீர்ப்பின் எல்லைக்குள் வரவேயில்லை.