எச்சரிக்கை தமிழில் வரட்டும்!

1992-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி, இங்கிலாந்தில் முதல் குறுஞ்செய்தி அனுப்பப்பட்டது. அது கிறிஸ்துமஸ் வாழ்த்து!

வாழ்த்துச் சொல்லப் பிறந்த குறுஞ்செய்தி, இன்று பாங்கிப் பணத்துக்குச் சாவி. செல்போனுக்கு ரகசிய எண் வருகிறது. "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்ற எச்சரிக்கையும் கூடவே வருகிறது. ஆனால், பெரும்பாலும் ஆங்கிலத்தில்!

தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த தாய் என்ன செய்வாள்? "பாங்கியில் இருந்து பேசுகிறேன்" என்னும் மோசடிக்காரனிடமே எண்ணைச் சொல்லிவிடுகிறாள். பணம் பறிபோகிறது.

ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலம் 160 எழுத்து கொள்ளும். தமிழுக்கு 70 இடம்தான். அந்த ஒரு வரி எச்சரிக்கைக்கு அது போதாதா? செலவு கூடினால்தான் என்ன?

ஏமாந்தவர்கள் உடனே 1930-க்குப் போன் செய்யவேண்டும்.

ஆனால், பறிகொடுத்தபின் புகார் செய்வதைவிட, புரியும் மொழியில் முன்பே எச்சரிப்பது மேல் அல்லவா?