குறைந்த மின்னழுத்தம்: குற்றவாளியா, சாட்சியா?

மோட்டார் வண்டியின் முகப்பில் மஞ்சள் நிற எச்சரிக்கை விளக்கு எரிகின்றது. பட்டறையில் ஸ்கேனரை இணைத்துப் பார்த்தால் பி0131 என்னும் குறியீடு தோன்றுகின்றது. முதல் ஆக்ஸிஜன் சென்ஸாரின் மின்னழுத்தம் குறைந்துள்ளது என்பது அதன் பொருள். உடனே சென்ஸார் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, அதைக் கழற்றி வேறொன்றைப் பொருத்துவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் விஞ்ஞான முறைக்கு மாறானது என்பதையும், இதை மாற்றும் பொறுப்பு பெரிதும் தொழிற்பயிற்சி ஆசிரியர்களையும் களப் பணியாளர்களையும் சார்ந்தது என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாக விளங்குவது பெங்களூரின் சிவாஜிநகர். பழைய கண்டோன்மென்ட் பகுதியைச் சேர்ந்த இவ்விடம், தமிழும் உருதுவும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் கடைவீதிகளைக் கொண்டது. பழைய வண்டிகளைப் பிரித்து உதிரிப் பாகங்களை விற்கும் தொழிலுக்கும் பெயர் பெற்றது. எளிய வருவாயுடைய வண்டிக்காரர்களுக்கு இத்தொழில் செய்துவரும் உதவி சிறிதன்று. ஆனால், ஒரு கதவையோ கண்ணாடியையோ பழையதாக வாங்குவது வேறு; சென்ஸாரை அவ்வாறு வாங்குவது வேறு. கதவின் நிலையைக் கண்ணால் காணலாம். சென்ஸார் எத்தனை ஆண்டு உழைத்தது, எந்த அசுத்தம் அதில் படிந்தது என்பதைப் பார்வையால் அறிய முடியாது. நோய் எதுவென்று அறியாமல், நிலை அறியாத பழைய பாகத்தைப் பொருத்துவதால் ஐயம் இரட்டிப்பாகுமேயன்றித் தீராது.

இக்கருவி வேலை செய்யும் முறையை முதலில் தெளிவாக உணர்தல் வேண்டும். இதன் உள்ளே ஸிர்கோனியா என்னும் பீங்கான் பொருள் உள்ளது. அதன் ஒரு புறம் வெளிக்காற்றையும், மறுபுறம் எஞ்சின் புகையையும் தொட்டுக்கொண்டிருக்கும். ஏறத்தாழ 300 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறியதும், இருபுறமும் உள்ள பிராணவாயுவின் அளவு வேறுபாட்டிற்கேற்ப மின்னழுத்தம் பிறக்கும். ஜெர்மானிய அறிஞர் வால்தர் நெர்ன்ஸ்ட் 1889ஆம் ஆண்டில் வகுத்த சமன்பாடே இதற்கு அடிப்படை. புகையில் பிராணவாயு 1 சதவீதம் இருக்குமானால், 727 டிகிரி வெப்பத்தில் கிடைப்பது சுமார் 0.065 வோல்ட் மட்டுமே. எரிபொருள் மிகுந்து பிராணவாயு அநேகமாக அற்றுப்போனால் மின்னழுத்தம் 0.8 வோல்ட்டைத் தாண்டும். பாஷ் நிறுவனம் உருவாக்கிய இக்கருவி 1976இல் வால்வோ கார்களில் முதன்முதலாக இடம்பெற்றது. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட பின்னரே இதன் பரவலுக்கு வழி ஏற்பட்டது. ஏனெனில் ஈயம் இதற்கு நஞ்சு.

இவ்விளக்கத்திலிருந்து ஓர் உண்மை புலனாகும். குறைந்த மின்னழுத்தம் என்பது, புகையில் பிராணவாயு மிகுதியாக உள்ளது என்று கருவி கூறும் சாட்சியமாக இருக்கலாம். சாட்சி உண்மையையே கூறியிருக்க, அச்சாட்சியைத் தண்டித்து அனுப்புவது நீதியாகாது.

பிராணவாயு மிகுவதற்குக் காரணங்கள் பல. காற்று உள்வாங்கும் பகுதியில் ரப்பர்க் குழாய் வெடித்து, அளவிடப்படாத காற்று புகலாம். பெட்ரோல் பம்பின் அழுத்தம் குறையலாம். ஸ்பார்க் பிளக் பழுதுற்று ஒரு சிலிண்டரில் எரிதல் தவறினால், எரியாத பெட்ரோலுடன் எரியாத பிராணவாயுவும் வெளிவரும். சென்ஸார் பிராணவாயுவை மட்டுமே கண்டு, எரிபொருள் போதவில்லை என்று அறிவிக்கும். சென்ஸாருக்கு முன்னால் சைலன்சர்க் குழாயில் ஓட்டை இருப்பின் வெளிக்காற்று உட்புகுந்து கருவியை ஏமாற்றும். இறுதியாக, சென்ஸாரின் கம்பி உடம்பு இரும்பில் உராய்ந்து மின்னோட்டம் தரையிறங்கவும் கூடும்.

இவற்றைப் பிரித்தறியும் சோதனைகள் கடினமானவை அல்ல. எஞ்சின் நன்கு சூடான பின், ஸ்கேனரில் முன் சென்ஸாரின் அளவைக் கவனிக்க வேண்டும். நல்ல நிலையில் அது 0.1க்கும் 0.9க்கும் இடையே இடையறாது ஏறி இறங்கும். தாழ்ந்தே நின்றால், ஆக்ஸிலேட்டரைச் சட்டென அழுத்தி விடவேண்டும். அக்கணம் கலவையில் எரிபொருள் மிகுவதால் மின்னழுத்தம் 0.8 அளவுக்கு எழுமாயின், சென்ஸார் உயிருடன் உள்ளது, பழுது வேறிடத்தில். எழாவிடில், சென்ஸாரின் இணைப்பைக் கழற்றி ஸ்கேனரை மீண்டும் பார்க்கலாம். பல வண்டிகளில் கட்டுப்பாட்டுக் கணிப்பொறியே சுமார் 0.45 வோல்ட் அளித்து நிற்கும். கழற்றிய பின்னும் சுழியமே தோன்றினால், கம்பியையோ கணிப்பொறியையோ ஆராய்தல் வேண்டும். இச்சோதனைகளுக்கு டிஜிட்டல் மல்டிமீட்டரே ஏற்றது. சோதனை விளக்கு மிகுந்த மின்னோட்டத்தை இழுத்துக் கருவியைக் கெடுக்கும்.

அடுத்து, எரிபொருள் திருத்த சதவீதத்தை நோக்க வேண்டும். எஞ்சின் வெறுமனே ஓடுகையில் திருத்தம் மிகுந்து, வேகத்தில் குறைந்தால், காற்றுக் கசிவை ஐயுறலாம். மாறாக, பாரம் ஏறுந்தோறும் திருத்தம் கூடினால், பெட்ரோல் வரத்தை ஐயுறலாம். இந்நாளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் வழங்குவதையும் மறத்தலாகாது. கலப்பற்ற பெட்ரோல் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று தேவை. இக்கலவைக்குச் சுமார் 13.5 பங்கு போதும். ஆகவே, கலப்பற்ற பெட்ரோலுக்கென அமைந்த பழைய வண்டிகளில் ஏறத்தாழ 9 சதவீதம் கூட்டித் திருத்துவது தன்னளவில் பழுதன்று. புதிய வண்டிகள் சிலவற்றில் அகல வீச்சுச் சென்ஸார்கள் உள்ளன. மேற்சொன்ன வோல்ட் கணக்கு அவற்றிற்குப் பொருந்தாது. அங்கே தயாரிப்பாளரின் கையேடே வழிகாட்டி.

இவ்வளவு கவனம் எதற்கு என்று சிலர் வினவலாம். தவறான நிதானத்தின் விலை சென்ஸாரின் விலையோடு முடிவதில்லை. பொய்யான குறைவைக் கண்டு கணிப்பொறி பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டரை அடைந்து அதைக் கொதிக்கவைத்துக் கெடுக்கும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய அரிய உலோகங்களைக் கொண்ட அப்பாகத்தை மாற்றுவது, நாள் வாடகைக்குக் கார் ஓட்டுபவரின் பல மாதச் சேமிப்பை விழுங்கிவிடும். நச்சுப்புகையோ ஊரார் அனைவருக்கும் உரியது. 2010இல் பாரத் நிலை 4 விதிகளை முதலில் ஏற்ற 13 நகரங்களுள் பெங்களூரும் ஒன்று. 2020 முதல் நிலை 6 நாடு முழுவதும் நடைமுறையில் உள்ளது. விதி எத்துணைக் கடுமையாயினும், பட்டறையில் அளவையறிவு இல்லையேல் அது ஏட்டளவிலேயே நிற்கும்.

தவறு தொழிலாளியின் அறிவுக் குறைவால் நேர்வது என்று கூறுவது பொருந்தாது. ஒலியைக் கேட்டே எஞ்சினின் குறையைச் சொல்லும் திறமையாளர்கள் இத்தகைய வீதிகளில் உள்ளனர். அவர்களுக்குப் பாகத்தை மாற்றினால் கூலி கிடைக்கின்றது. அளந்து ஆராய்ந்தால் கிடைப்பதில்லை. ஆராய்ச்சிக்கும் கூலி உண்டு என்பதை வண்டிக்காரரும் ஏற்றல் வேண்டும்.

ஆசிரியர்கள் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. பழைய பாகச் சந்தைகளில் மலிவாகக் கிடைக்கும் சென்ஸார்கள் சிலவற்றை வகுப்பிற்கு வாங்கலாம். காற்றோட்டமான இடத்தில், பற்றுக்கருவியில் பொருத்தி, அதன் முனையை எரிவாயுச் சுடரில் சூடாக்கி மீட்டரால் அளந்து காட்டலாம். சுடர் சூழ்ந்திருக்கையில் மின்னழுத்தம் 0.6க்கு மேல் எழுவதையும், சுடரை விலக்கியதும் விரைந்து தாழ்வதையும் மாணவர் தம் கண்ணாலேயே காண்பர். எழாத சென்ஸாரும் அன்று நல்ல பாடமே. விற்பவரும் இச்சோதனையைக் கடையிலேயே செய்து காட்டினால், அவருடைய சரக்கின் மதிப்பு உயருமன்றோ?

களப் பணியாளர்கள் பட்டறைகளில் மற்றொரு பழக்கத்தைப் பரப்பலாம். சென்ஸாரை மாற்றுமுன், சாதாரண ஓட்டத்தில் உள்ள அளவு, ஆக்ஸிலேட்டரை அழுத்தியபோது எழுந்த அளவு, இணைப்பைக் கழற்றியபோது கண்ட அளவு ஆகிய மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி வண்டிக்காரரிடம் கொடுத்தல் வேண்டும். இதற்குச் சட்டம் தேவையில்லை. பென்சிலும் பத்து நிமிடப் பொறுமையும் போதும். ஊகத்தின் இடத்தில் அளவை வந்து அமரும் பட்டறையே விஞ்ஞானம் வாழும் இடமாகும்.